பம்மலுக்கு ஒரு கிரிக்கெட் டீம் வாங்குவது எப்படி?

குன்றத்தூர் ரோட்டில் அப்பா வாங்கிப் போட்ட மனை நல்ல விலைக்குப் போய்விட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, பையனுக்கு ஃபிளாட்டும் புக் பண்ணியாச்சு. மிச்சப் பணத்தைச் சீட்டுக் கம்பெனியில் போடப் பயம்; பேங்கில் போட்டால் வட்டி கட்டுப்படியாகவில்லை. இந்த நிலையில் இருக்கும் பம்மல்வாசிகளுக்குச் சொல்கிறேன், பேசாமல் ஒரு கிரிக்கெட் டீம் வாங்கிவிடுங்கள். கலர் ஜெர்சி, விசில் சத்தம், டிவியில் அடிக்கடி உங்கள் முகம், எல்லாம் கூடவே வரும். எப்படி வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது, கசந்துபோனால் எப்படி ஊர் மாற்றுவது என்பதெல்லாம் கீழே.

முதலில் ஓனர் என்றால் யார் என்று தெரிய வேண்டும். பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் பார்த்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது. கிட் பை யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் ஓனர். பைக்குள் இரண்டு பேட் இருக்கும், ஒன்றில் கைப்பிடி ரப்பர் உரிந்திருக்கும். ஸ்டம்பில் ஒன்று தொலைந்து அதற்குப் பதில் பிவிசி குழாய். ஜெர்சியின் முதுகில் தண்ணீர் கேன் போடுகிறவரின் செல் நம்பர். ஓனர் அண்ணன் கல்யாணம் கட்டி மாமனார் வீட்டு மாடிக்குக் குடி போனால் பையும் போகும், பின்னாலேயே டீமும் போகும்.

"என்னடா, அனகாபுத்தூர்ல ஆடறீங்க, பனியன்ல பம்மல்னு போட்டிருக்கு?"

"பனியன் அடிச்சாச்சுண்ணா. அடுத்த செட் அடிக்கறப்ப மாத்திக்கலாம்."

இவ்வளவுதான் விஷயம். மேலே போகப் போகப் பணத்தில் பூஜ்யம் கூடுமே தவிர, சட்டம் இதுவேதான்.

இனி விலை. 2008 ஜனவரி 24 அன்று ஐபிஎல் டீம்களை ஏலம் விட்டார்கள். மும்பையை ரிலையன்ஸ் 11.19 கோடி டாலருக்கு எடுத்தது, சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு. இருப்பதிலேயே சல்லிசு ஜெய்ப்பூர், 6.7 கோடி டாலர். பயந்துவிடாதீர்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டச் சொல்லவில்லை. பத்து வருஷத் தவணை. முதல் வருஷக் கோப்பையை அந்தச் சல்லிசு டீம்தான் தூக்கிக்கொண்டு போனது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏலத்தில் ஆவேசப்பட்டுக் கேட்கவே கூடாது. 2010-ல் புனேவை சஹாரா 37 கோடி டாலருக்கும், கொச்சியை ஒரு கூட்டணி 33.33 கோடி டாலருக்கும் கேட்டு எடுத்தார்கள். கொச்சி டஸ்கர்ஸ் ஆடியது ஒரே சீசன். வங்கி உத்தரவாதம் வரவில்லை என்று 2011 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை முறித்தது. 2013-ல் சஹாராவும் போதும் சாமி என்று வெளியேறியது. கொச்சி ஓனர்கள் விடவில்லை. நடுவர் மன்றம், கோர்ட் என்று ஏறி இறங்கி, வாரியம் 538 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2025 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உறுதி செய்துகொண்டார்கள். ஒரு சீசன் ஆட்டம், பதினான்கு வருஷ வழக்கு. ஆகவே பேட்ஸ்மேனைப் பார்ப்பதற்கு முன்னால் நல்ல வக்கீலைப் பார்த்து வையுங்கள். அவருக்குத்தான் இன்னிங்ஸ் நீளம்.

அடுத்த கவலை, பம்மல் தாங்குமா என்பது. 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 76 ஆயிரம். அமெரிக்க பேஸ்பாலில் இப்படி ஒரு ஊருக்கு டீம் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு டீமும் தன் ஊர் டிவி ஒளிபரப்பைத் தானே விற்றுக்கொள்ளும். நியூயார்க் யாங்கீஸ் டீமுக்கு 2002-லிருந்து அதற்கென்றே ஒரு சேனல் ஓடுகிறது. வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட வேண்டும் என்ற விதி உண்டுதான். ஆனாலும் பெரிய ஊர் பெரிய ஊர்தான், சின்ன ஊர் சின்ன ஊர்தான். அதனால் சின்ன ஊர் ஓனருக்கு எந்நேரமும் அடுத்த ஊர்மேல் ஒரு கண் இருக்கும்.

நம்மூரில் கணக்கு வேறு. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. அந்தப் பணம் வாரியத்தின் கல்லாவுக்கு வந்து, சுமார் பாதி டீம்களுக்குப் பிரிகிறது. மும்பையில் எத்தனை வீட்டில் டிவி, லக்னோவில் எத்தனை வீட்டில் டிவி என்று யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. டிக்கெட், ஸ்பான்சர் வகையில் கொஞ்சம் ஏறும் இறங்கும். சாப்பாட்டுக்கு வழி பொதுக் கல்லாவில்தான். ஆக, இந்தியாவில் டீம் நடத்துகிறவருக்கு ஊர் ஜனம் அவ்வளவாகத் தேவையில்லை. ஊரின் பெயர் இருந்தால் போதும். அதற்கு எந்த ஊருக்கும் யாரும் ராயல்டி கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்தத் தொழிலில் ஓசியில் கிடைக்கும் ஒரே சரக்கு அதுதான்.

ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டுமோ என்றும் தயங்க வேண்டாம். டெக்கான் சார்ஜர்ஸ் கவிழ்ந்த பிறகு 2012-ல் ஹைதராபாத் உரிமையை வருஷத்துக்கு 85.05 கோடி என்று கேட்டு எடுத்தது சன் டிவி. ஆபீஸ் சென்னை எம்ஆர்சி நகரில். கொல்கத்தாவின் ஆர்பிஎஸ்ஜி குழுமம் 2016-லும் 2017-லும் புனேவில் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட் என்று ஒரு டீம் நடத்தியது. 2021-ல் 7,090 கோடி கொடுத்து லக்னோவை வாங்கியதும், புனேவில் கழற்றிய பலகையைத் துடைத்து அங்கே மாட்டிவிட்டது. லக்னோ சூப்பர் ஜெயன்ட்ஸ். பெயிண்டு செலவு மிச்சம்.

இப்போது முக்கியமான பாடத்துக்கு வருவோம். ஊர் மாற்றுவது. இதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, ஊரைக் காலி செய்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. மற்றது, பெயரையும் சேர்த்துக் காலி செய்வது.

முதல் முறைக்கு நம் சென்னை சூப்பர் கிங்ஸே பாடப்புத்தகம். 2014-ல் சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே கேலரிகள் தகராறில் பூட்டிக் கிடந்தபோது, "சொந்த ஊர்" ஆட்டங்களை ராஞ்சியில் வைத்துக்கொண்டார்கள். கேப்டனுக்கு அது நிஜமாகவே சொந்த ஊர் என்பதால் பாதிப் பொய்தான். 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் போயிற்று. திரும்பி வந்த 2018-ல், காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஒரே ஆட்டம். வெளியே போராட்டம், வழியெல்லாம் போலீஸ், உள்ளே மைதானத்தில் வந்து விழுந்தது செருப்பு. மறுநாளே மிச்ச ஆறு ஆட்டங்களும் புனேவுக்கு என்று முடிவாகிவிட்டது.

அப்புறம் நடந்ததைத்தான் ஓனராக ஆசைப்படுகிறவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஏப்ரல் 19 அன்று சென்ட்ரலிலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் கிளம்பியது. "விசில்போடு எக்ஸ்பிரஸ்". நிர்வாகமே ஏற்பாடு. சுமார் ஆயிரம் பேர், எல்லோரும் மஞ்சள் பனியனில், ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடி, தங்கள் ஊர் டீமின் உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க மகாராஷ்டிரா போய் இறங்கினார்கள். மறுநாள் வாட்சன் ராஜஸ்தானுக்கு எதிராக 106 அடித்தார். வந்தவர்களுக்குப் பயணக் களைப்பே போய்விட்டது. டீம் வெளியூர் போனால் ஊர் கோபித்துக்கொள்ளும் என்பதுதான் உலக வழக்கம்; இங்கே ஊரே டிபன் பாக்ஸோடு பின்னால் போனது. அந்த வருஷம் மே 27, மும்பை இறுதி ஆட்டத்தில் புனேவில் குடியிருந்த சென்னை டீமும், சென்னைக்காரர் வாங்கிய ஹைதராபாத் டீமும் மோதி, கோப்பை மஞ்சளுக்கு வந்தது. இதில் எது எந்த ஊர் என்று கேட்கிறவர்கள் டீம் வாங்க லாயக்கில்லாதவர்கள்.

புனேவைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முங்கிக் கிடந்தபோது சென்னையின் எஃப்சி கால்பந்து டீம் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தை ஆடியதும் புனேவில்தான்; கொல்கத்தாவை 3–0 என்று ஜெயித்தது. ஊராருக்கெல்லாம் இடம் கொடுத்த அந்த நகரத்தின் சொந்தக் கால்பந்து டீமோ 2019-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. அந்த ஊர்மேல் எனக்கு ஒரு தனி இரக்கம் உண்டு.

இரண்டாவது முறைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், தமிழ்நாடு பிரீமியர் லீக் இருக்கிறது. 2016-ல் எட்டு டீமோடு ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று காரைக்குடி காளை. பெயரைக் கேட்டாலே செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மணியோடு நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஆரம்ப சீசன் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும், நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்திலும்தான். (நம் சங்கர் நகர் என்று நினைத்துப் பொழிச்சலூர் பஸ் ஏறிவிடாதீர்கள்.) காளை காரைக்குடியில் கால் வைக்காமலே நான்கு சீசன் ஆடியது. பிறகு ஒரு நாள் திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. 2025-ல் கோப்பையும் அடித்தது. காரைக்குடியில் கடையடைப்பு நடந்ததாகத் தகவல் இல்லை. முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடியும் இன்று பட்டியலில் கிடையாது. அந்த இடத்தில் சேலம் ஆடுகிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை காஞ்சி. முதல் சீசனில் காஞ்சி வாரியர்ஸ் என்று ஒரு டீம் இருந்தது. பம்மல் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், ஆகவே சட்டப்படி அது உங்கள் டீம். அது திருச்சி வாரியர்ஸ் ஆகிப் போயிற்று. காலியான காஞ்சிப் பெயரைத் திருவள்ளூர் வீரன்ஸ் எடுத்துப் போட்டுக்கொண்டு காஞ்சி வீரன்ஸ் ஆனது. பிறகு அதுவும் மறைந்து நெல்லை வந்தது. சொந்த மாவட்டத்து டீம் இரண்டு தடவை கையைவிட்டுப் போயிருக்கிறது. டீக்கடையில் ஒருவராவது "ச்சே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பொருளை இழந்தவனுக்கே இழந்தது தெரியாத அளவுக்குச் சுத்தமாக வேலை நடந்திருக்கிறது. நீங்கள் கற்க வேண்டிய கைவரிசை இதுதான்.

இதற்கு நேரெதிராக எப்படிச் செய்யக் கூடாது என்றால், ஓக்லண்டைப் பாருங்கள். அத்லெடிக்ஸ் என்கிற பேஸ்பால் டீம். பிலடெல்பியாவில் பிறந்து, 1955-ல் கான்சஸ் சிட்டி, 1968-ல் ஓக்லண்ட் என்று வந்தது. ஓனர் ஜான் ஃபிஷர் லாஸ் வேகஸுக்குக் கிளம்பப் போகிறார் என்றதும், 2023 ஜூன் 13 அன்று 27,759 பேர் மைதானத்துக்கு வந்து "வித்துட்டுப் போ" என்று கத்தினார்கள். கூட்டம் வரவில்லை, அதனால் போகிறேன் என்றவருக்குக் கூட்டமாய் வந்து காட்டினார்கள். அந்த நவம்பரில் முப்பது டீம் ஓனர்களும் கூடி, ஒருவர்கூட மறுக்காமல் போகச் சொல்லிவிட்டார்கள். 2024 செப்டம்பர் 26 ஓக்லண்டில் கடைசி ஆட்டம். வேகஸில் மைதானம் கட்டி முடியவில்லை என்பதால், 2025-லிருந்து சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு சின்ன லீக் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். டீம் பெயரில் ஊரே இல்லை, வெறும் அத்லெடிக்ஸ். 1957-க்குப் பிறகு புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோன வால்டர் ஓமாலியை அந்த ஊர்ப் பெரியவர்கள் சாகும்வரை திட்டினார்கள் என்பார்கள். ஃபிஷருக்கும் அந்த யோகம் உண்டு.

ஜனத்தொகை ஒரு சாக்கு என்பதற்கு இன்னொரு சாட்சி. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் என்று ஒரு டீம். ஊர் ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம், அதாவது கிட்டத்தட்ட நம் காரைக்குடி அளவு. 1919-லிருந்து அதே ஊரில் ஆடுகிறது. காரணம், அதற்குத் தனி ஓனர் கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், எல்லாம் ரசிகர்கள். பங்குக்கு லாபம் தர மாட்டார்கள், லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கத்தான் லாயக்கு. இதைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பிவிடக் கூடாது என்று அந்த லீக் புதிதாக இப்படி ஒரு டீம் வர வழியில்லாமல் விதி போட்டிருக்கிறது. ஓனர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று இதில் தெரியும்.

நீங்களும் ஒருவகையில் ஓனராக இருந்திருக்கலாம், தெரியாமலே. 2015-ல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் டீமைத் தனிக் கம்பெனியாக எழுதி வைத்தது. அந்த மாற்றத்தில் போட்ட மதிப்பு வெறும் 5 லட்சம் என்று வாரியமே கண்ணைக் கசக்கிக்கொண்டு கேள்வி கேட்டது. பம்மலில் அந்தக் காசுக்கு பைக் நிறுத்தக்கூட இடம் வராது. பிறகு டீம் பங்குகள் சிமெண்ட் பங்குதாரர்களுக்குப் பிரிந்தன. அப்படி எல்ஐசியிடமும் ஒரு கட்டத்தில் சுமார் 6 சதவீதம் இருந்தது. மாதா மாதம் பிரீமியம் கட்டிய உங்கள் பெரியப்பா அந்தக் கணக்கில் தோனியின் முதலாளி. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போனபோது டீம் கூடப் போகவில்லை. ஆகவே மளிகைக்கடை, ரைஸ் மில் எது வைத்திருந்தாலும் டீமைத் தனியாக எழுதி வையுங்கள். கடை போனாலும் டீம் தங்கும்.

வாரியத்தில் பதவியும் வகித்துக்கொண்டு டீமும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். 2008-ல் விதியையே திருத்தி அதற்கு வழி செய்தார்கள். 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டது. எனவே முடியாது. மருமகன் விஷயத்திலும் ஜாக்கிரதை. சென்னை டீம் முதலாளியின் மருமகனை வெறும் ஆர்வலர்தான் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

கடைசியாக பம்மலுக்கென்று சில குறிப்புகள். டீம் பெயரில் "சம்பந்தம்" வேண்டாம். நாடகத் தந்தை சம்பந்த முதலியார் ஒரு பக்கம், 2002-ல் வந்த கமல் படம் இன்னொரு பக்கம் என்று ஏற்கெனவே இரண்டு பேர் கைவைத்துவிட்டார்கள். கல்குவாரியை நினைத்து "பம்மல் பாறைகள்" என்று வைக்கலாம். பேட்டிங் மந்தமானால் பத்திரிகைக்காரர்களுக்கு வேலை சுலபம். ஊர் மாற்றும் கலையைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே இந்த ஊர் 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது. 2021-ல் பம்மல் நகராட்சியே கலைந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. கடைப் பலகைகளில் பாதி இன்னும் மாறவில்லை.

உண்மையான சிக்கல் மைதானம். இரவு ஆட்டத்துக்கு விளக்குக் கம்பம் நட வேண்டும். தலைக்கு மேலே விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகிற ஊர் இது. மாடி எழுப்பவே விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கம்பத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் லீக்கே முடிந்துவிடும். பகல் ஆட்டம் என்றாலும் எங்கே ஆடுவது? காலி மனையில் ஆடிய பையன்கள் அங்கே பில்லர் எழும்பியதும் அடுத்த மனைக்குப் போகிறார்கள், அங்கேயும் பூஜை போட்டதும் ஏரிப் பக்கம் போகிறார்கள், மழை வந்தால் அதுவும் இல்லை. ஐபிஎல் பார்க்க நினைத்தால் பல்லாவரத்தில் ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கம் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, இவ்வளவும் படித்த பிறகு என் தீர்ப்பு: டீம் வாங்காதீர்கள். ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கு ஊர்ப் பெயரை இரவல் கொடுப்பது நமக்கு நஷ்டக் கணக்கு. மைதானத்தை யாரும் திருப்பூருக்குத் தூக்கிப் போக முடியாது. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்து பகுதி சபைக் கூட்டம் நடத்திய ஊர் பம்மல். அந்தக் கூட்டம் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அடுத்த தடவை கூடும்போது தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு மனுக்களோடு இதையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: பம்மலில் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஆட, வேலி போட்ட ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும். கீழே எத்தனை பேர் கையெழுத்து இருக்கிறதோ அத்தனைக்கு நல்லது.